தாய்க்கோழிப் பண்ணையில் சராசரி எடை மட்டும் போதுமா?

பழவேற்காட்டில் இறாலைப் பெரிது, சிறிது எனத் தரம் பிரித்த பின்னரே விலை பேசுவார்கள். திருப்பாலைவனம் பகுதியில் கோழி வளர்க்க முன்வரும் விவசாய அன்பர்கள் அந்த வழக்கத்தைக் கொட்டகையிலும் கையாள வேண்டும்.

உடுமலைப்பேட்டை, பல்லடம் வட்டாரங்களில் வளர்க்கப்படும் இறைச்சிக் கோழிக் குஞ்சுகள், தாய்க்கோழிப் பண்ணைகளின் முட்டைகளிலிருந்து பொரிக்கப்படுபவை. இத்தாய்க்கோழிகளும் வேகமாக வளரும் இனமே. விருப்பம்போல் தீவனம் தின்றால் கொழுத்து, இரட்டைக்கரு முட்டையிடும், முட்டைக்குழாய் வெளித்தள்ளும், கோடையில் இறந்தும் போகும். ஆகவே தீவனத்தை அளந்துதான் இடுகிறோம். அளந்து இடும்போது வலுத்த கோழி, மெலிந்த கோழியின் பங்கையும் தின்றுவிடுகிறது. எடை ஏற்றத்தாழ்வு இங்குதான் தொடங்குகிறது.

இரண்டு கொட்டகைகளில் நூறு நூறு கோழிகளை எடை போட்டதாகக் கொள்வோம். இரண்டிலும் சராசரி 1,000 கிராம். சராசரிக்குப் பத்து சதம் கீழும் மேலும், அதாவது 900 முதல் 1,100 கிராம் வரை, முதல் கொட்டகையில் 82 கோழிகள் உள்ளன. இரண்டாவதில் 55 மட்டுமே. முதலாவதன் சீர்மை 82 சதம். இரண்டாவதன் சீர்மை 55 சதம். சீர்மை 80 சதத்திற்குக் குறையலாகாது. குறைந்தால் சில கோழிகள் முந்தியும் சில பிந்தியும் முட்டையிடும். முந்தியவற்றுக்காகத் தீவனத்தைக் கூட்டினால் பிந்தியவை வீணே கொழுக்கும்.

செய்ய வேண்டியவை:

1. வாரந்தோறும் ஒரே நாளில், காலைத் தீவனத்திற்கு முன் எடை போடுங்கள். நூற்றுக்கு ஐந்து வீதம், குறைந்தது 50 கோழிகளைத் தடுப்பால் வளைத்துக்கொள்ளுங்கள். வளைத்தவை அனைத்தையும் ஒவ்வொன்றாக நிறுங்கள், பொறுக்கி எடுக்காதீர்கள்.

2. நான்காம் வாரத்தில் எல்லாக் கோழிகளையும் நிறுத்து, சிறிது, நடுத்தரம், பெரிது எனப் பிரித்துத் தனித்தனியே அடையுங்கள்.

3. சிறியவற்றுக்குத் தீவனத்தைப் படிப்படியாகக் கூட்டுங்கள். பெரியவற்றுக்கு முன்பு இட்ட அளவைக் குறைக்காதீர்கள். கூட்டுவதை மட்டும் தாமதப்படுத்துங்கள்.

4. பத்து வாரத்திற்கு மேற்பட்ட கோழி ஒன்றுக்குத் தீவனத்தொட்டியில் 15 செ.மீ. இடம் வேண்டும். கொட்டகை முழுவதும் மூன்று நிமிடத்திற்குள் தீவனம் பரவ வேண்டும். அப்போதுதான் மெலிந்த கோழிக்கும் பங்கு கிடைக்கும்.

கடலோரப் பகுதிக்கு மேலும் இரண்டு குறிப்புகள். வெயிலும் புழுக்கமும் ஏறுமுன் விடியற்காலையில் தீவனம் இடுங்கள். நீர் உப்பாக இருந்தால் எச்சம் நீர்த்துக் கூளம் ஈரமாகும். எனவே கொட்டகை கட்டுமுன் கிணற்று நீரைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

எலும்புக் கட்டு பெரும்பாலும் 12 வாரத்திற்குள் அமைந்துவிடும். முட்டையோ ஏறத்தாழ 24, 25 வாரத்தில்தான் வரும். முட்டை குறைந்த பிறகு காரணம் தேடினால் காலம் கடந்திருக்கும். அதுவரை இட்ட தீவனச் செலவும் திரும்ப வராது. ஒரு தராசும் ஒரு குறிப்பேடும் இந்த நட்டத்தைத் தடுக்கும். உங்கள் இனத்திற்குரிய வாராந்திர எடை அட்டவணையைக் குஞ்சு வாங்கும்போதே கேட்டுப் பெறுங்கள். ஐயமிருப்பின் மாதவரத்திலுள்ள தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கோழியின ஆராய்ச்சி நிலையத்தை அணுகிப் பயனடையுங்கள்.