பெரிய இலை அழகுச் செடிகள்: நிழல் வேண்டும், இருட்டு கூடாது

வீட்டுக் கூடத்திலும் அலுவலகத்திலும் வைக்கப்படும் பெரிய இலை அழகுச் செடிகளை வாங்குவோர் நகரங்களில் உள்ளனர். வேலூருக்கு அருகே, ஜவ்வாது மலையடிவாரத்தை ஒட்டியுள்ள கணியம்பாடி வட்டாரத்தின் சிறு விவசாயிகள் இவற்றை ஓர் உபதொழிலாக வளர்க்கலாம். ஆனால் விலை கொடுத்து வாங்கிய தாய்ச்செடி ஒரே கோடையில் கருகிவிட்டால் போட்ட முதலே போய்விடும். ஆகவே நிழல்வலைக் கூடாரத்திற்குச் செலவிடும் முன், நான்கைந்து செடிகளை வீட்டில் வைத்து வளர்ப்பு முறையைக் கற்றுக்கொள்வது நல்லது.

சேம்பின் உறவு

மான்ஸ்டெரா, பிலோடெண்ட்ரான், டிபன்பேக்கியா, அலோகேசியா ஆகிய யாவும் சேம்பு, சேனைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. மான்ஸ்டெராவின் தாயகம் தெற்கு மெக்சிகோ முதல் பனாமா வரையுள்ள மழைக்காடுகள். உயர்ந்த மரங்களின் அடியில் கிடைக்கும் சிறிதளவு வெளிச்சத்தையும் பிடித்துக்கொள்ள அகன்ற இலை உதவுகிறது. மக்கிய சருகில் பரவும் வேருக்கு ஈரமும் காற்றும் சேர்ந்தே கிடைக்கின்றன. வீட்டிலும் இந்த நிலையையே உண்டாக்க வேண்டும். சேம்பு வாய்க்கால் ஓரச் சேற்றிலும் வளரும். தொட்டியில் உள்ள இச்செடிகள் சேற்றில் அழுகிவிடும்.

வெளிச்சம்

கிழக்கு அல்லது வடக்கு ஜன்னல் அருகே வைப்பது உகந்தது. பகலில் விளக்கு இல்லாமல் செய்தித்தாள் படிக்கும் அளவுக்காவது அங்கு வெளிச்சம் இருக்க வேண்டும். காலை இளவெயில் படலாம். உச்சி வெயில் பட்டால் இலை வெந்து வெளுக்கும். வேலூர்ப் பகுதியில் கோடை வெப்பம் 40 டிகிரி செல்சியசைத் தாண்டுவதுண்டு. எனவே ஏப்ரல், மே மாதங்களில் மேற்கு ஜன்னல் ஓரத்திலும் தகரக் கூரையின் கீழும் வைக்கக் கூடாது. மான்ஸ்டெராவின் இளம் இலைகளில் பிளவு இராது. வளர்ந்த செடியின் புது இலையும் பிளவின்றிச் சிறுத்து வந்தால், வெளிச்சம் போதவில்லை என்று அறியலாம்.

மண் கலவை

செம்மண், நன்கு மக்கிய தொழு உரம், தென்னை நார்க் கழிவு, பருமணல் ஆகியவற்றைச் சம அளவில் கலக்க வேண்டும். நார்க் கழிவை இரண்டு மூன்று முறை நீரில் அலசி உப்பை நீக்கிய பிறகே சேர்க்க வேண்டும். தொட்டியின் அடியில் துளை அவசியம். சிறு செடியைப் பெரிய தொட்டியில் நட்டால் மண் காயாமல் வேர் அழுகும்.

நீர் பாய்ச்சுதல்

இச்செடிகள் சாவதற்கு முக்கியக் காரணம் அதிக நீரே. தினமும் ஊற்றும் பழக்கம் கூடாது. விரலை இரண்டு அங்குல ஆழம் மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் அடித்துளை வழியாக நீர் வடியும் வரை ஊற்ற வேண்டும். தட்டில் தேங்கிய நீரை உடனே கொட்டிவிட வேண்டும். இல்லையேல் வேர் அழுகுவதுடன், டெங்கு பரப்பும் கொசுவும் அதில் பெருகும்.

உவர்க் கிணற்று நீரை ஊற்றினால் இலை நுனி பழுப்பாகிக் காயும். தொட்டி விளிம்பில் வெள்ளை உப்புப் படியும். மழை நீரைச் சேமித்து, மாதம் ஒரு முறை தாராளமாக ஊற்றி உப்பை வடித்துவிடலாம்.

உரமும் பயிர் பாதுகாப்பும்

வளரும் பருவத்தில் மாதம் ஒரு முறை, லிட்டர் நீருக்கு 2 கிராம் வீதம் 19:19:19 நீரில் கரையும் உரத்தைக் கரைத்து ஊற்றினால் போதும். வாரம் ஒரு முறை ஈரத் துணியால் இலைகளின் இருபுறமும் துடைத்தால் தூசியும் செஞ்சிலந்தியும் குறையும். மாவுப்பூச்சி தென்பட்டால் துணியால் துடைத்தெடுத்து, லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயுடன் சிறிது சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளிக்க வேண்டும்.

இனப்பெருக்கம்

ஆடி முதல் ஐப்பசி வரை ஏற்ற பருவம். ஒவ்வொரு துண்டிலும் ஒரு கணுவும், முடிந்தால் ஒரு விழுதும் இருக்குமாறு தண்டை வெட்டி, ஈரமான நார்க் கழிவில் நிழலில் ஊன்ற வேண்டும். கணு இல்லாத வெறும் இலை வேர் விட்டாலும் செடியாகாது. மான்ஸ்டெரா போன்ற கொடி வகைகளுக்குத் தென்னை நார் சுற்றிய கம்பை ஊன்றினால், விழுதுகள் அதைப் பற்றி ஏறும், இலைகளும் பெரிதாகும்.

எச்சரிக்கை

பச்சைச் சேனை நாக்கை அரிப்பது யாவரும் அறிந்ததே. அதே கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் இச்செடிகளிலும் உள்ளன. டிபன்பேக்கியாவை மென்றால் வாயும் நாக்கும் வீங்கும். குழந்தைகளுக்கும் ஆடு மாடுகளுக்கும் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். குழந்தை மென்றுவிட்டால் வாயை நன்கு கழுவி, உடனே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். செடியை வெட்டுவோர் கையுறை அணிய வேண்டும். வெட்டிய கழிவைத் தீவனக் குழியில் போடக் கூடாது.

ஒரு கோடையைத் தாண்டி நிற்கும் செடியே தாய்ச்செடியாகத் தகுந்தது. அதன் பிறகு வேலூர் நகரில் வாங்குவோரை முன்னதாகவே விசாரித்து, விற்கும் அளவுக்கு மட்டும் பெருக்குவது நட்டத்தைத் தவிர்க்கும். மேலும் ஆலோசனை தேவைப்படுவோர் விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.