செம்மரமும் நாமும்

காணிப்பாக்கத்தில் எங்கள் வீட்டில் ஒரு மரப்பாச்சி இணை உண்டு. பாட்டனார் வேலூர்ப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடி இங்குக் குடியேறியபோது, பாட்டி மடியில் கட்டி எடுத்து வந்தது. நவராத்திரிக் கொலுவில் அதுவே முதலில் ஏறும். குழந்தைக்கு வீக்கமோ கட்டியோ வந்தால், அதன் காலைக் கல்லில் இழைத்துப் பற்றுப் போடுவார்கள். அந்தக் கால் இன்று பாதி தேய்ந்துவிட்டது.

சென்ற விடுமுறையில் அப்பொம்மையைத் தண்ணீர்த் தொட்டியில் இட்டேன். மூழ்கிவிட்டது! மரம் மிதக்கும் என்பதன்றோ நாம் சிறுவயதில் கற்ற பாடம்?

காரணம் இதுதான். மரப்பாச்சி செம்மரத்தின் வைரத்தில் செதுக்கப்பட்டது. மரத்தின் வெளிப்புற வெண்பகுதி நீரை மேலேற்றும். ஆண்டுகள் செல்லச் செல்ல உட்பகுதியின் உயிரணுக்கள் இறக்கின்றன. சாண்டலின் முதலிய செந்நிறப் பொருள்கள் அங்கே படிகின்றன. இவ்வாறு இறுகிய வைரம் நீரினும் அடர்த்தி மிகுந்தது. அது நன்கு முற்றப் பல பத்தாண்டுகள் வேண்டும். வெட்டுவதற்கோ ஓர் இரவு போதும்.

இம்மரம் இயற்கையாக வளர்வது, உலகிலேயே கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில்தான். திருப்பதியில் நாம் நாள்தோறும் அண்ணாந்து பார்க்கும் சேஷாசலம் அதன் தாய்வீடுகளில் ஒன்று. அம்மலை 2010-இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 1995 முதல் செம்மரத்தின் பன்னாட்டு வாணிகமும் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. ஆயினும் சீனத்தில் மேசை நாற்காலிகளுக்கும், ஜப்பானில் இசைக்கருவிகளுக்கும் இதை விரும்பி வாங்குகின்றனர். எனவே திருட்டு ஓயவில்லை.

2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில் காவல் படையினர் சுட்டதில் 20 பேர் மாண்டனர். அனைவரும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். கூலிக்கு மரம் வெட்ட அழைத்து வரப்பட்டவர்கள் என்று சொல்லப்பட்டது. என் பாட்டனாரும் கூலி தேடித்தான் எல்லை கடந்தார். அவருக்குக் கிடைத்தது கழனி வேலை. இவர்களுக்குக் கிடைத்தது கோடரி. வேறுபாடு அவ்வளவே. ஆளனுப்பிய தரகனோ, விலை பேசிய வணிகனோ அன்று காட்டில் இல்லை.

பாட்டி காலத்தில் செம்மரம் ஒரு சாண் பொம்மை. தலைமுறைக்கு ஒன்று போதும். இன்று அது டன் கணக்கில் பேசப்படும் சரக்கு. சரக்கானபின் மரத்தின் வயதையும் எண்ணுவாரில்லை, வெட்டுபவன் உயிரையும் எண்ணுவாரில்லை.

தோழர்களே! காட்டுக்குக் காவல் வேண்டும்; ஐயமில்லை. மலையூர்களில் நேர்மையான கூலி கிடைக்கும் வேலையும் வேண்டும். செம்மரத்தைப் பட்டா நிலத்தில் முறைப்படி வளர்க்கவும் இயலும். நம்முள் மலையடிவாரத்து ஊரினர் பலர் உளர். விடுமுறையில் ஊர் செல்லும்போது, ஆள் பிடிக்க வரும் தரகனைப் பற்றி அங்குள்ள இளைஞர்களிடம் சொல்லி எச்சரிப்போம். மரநூல் கற்கும் நான் அதையே என் முதற் கடமையாகக் கொண்டிருக்கிறேன்.