பீரோவுக்குள் இருக்கும் தாயத்தை அருங்காட்சியகத்துக்கு அழைத்து வருவது எப்படி?

பிள்ளை வளர்ந்ததும் கழற்றிய கருகமணி வளையலை யாரும் குப்பையில் போடுவதில்லை. பீரோவின் உள்ளறையில், பத்திரங்களுக்கு அடியில், மஞ்சள் துணியில் முடிந்து கிடக்கும். பாட்டி போன பிறகு அது யாருடைய வளையல், எதற்காகக் கட்டியது என்று சொல்ல ஆளிருக்காது. அந்தக் கதைகள் போய்விடக் கூடாது என்றுதான் நண்பர்கள் சேர்ந்து ஊர் அருங்காட்சியகத்தில், வீட்டுத் தாயத்துகளைக் கொண்டுவந்து அவற்றின் கதையைச் சொல்லும் 'காப்பு மாலை' என்ற மாலைநேரக் கூட்டத்தை நடத்தத் தொடங்கினோம். மூன்று முறை நடத்தியதில் கற்றதை உங்கள் ஊருக்காக எழுதுகிறேன்.

முதலில் இடமும் நாளும். அரசு அருங்காட்சியகம் என்றால் காப்பாட்சியருக்கு ஒரு மாதம் முன்பே எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். பார்வை நேரம் முடிந்தபின் நடத்துவதால் காவலுக்கும் விளக்குக்கும் அவர்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். அருங்காட்சியகம் இல்லாத ஊரில் நூலக மாடி போதும். இருபது பேருக்கு மேல் வேண்டாம். பத்துப் பேர் பொருளோடு வந்தாலே இரண்டு மணி நேரம் ஓடிவிடும்.

அடுத்தது அழைப்பு. நோட்டீஸ் ஒட்டினால் மட்டும் யாரும் வரமாட்டார்கள், தெருத்தெருவாகப் போய்க் கேட்க வேண்டும். கோயில் தெருவோடு நின்றுவிடாதீர்கள். பள்ளிவாசல் தெருவில் தாவீஸ் இருக்கும், மாதா கோயில் தெருவில் உத்தரியமும் வேளாங்கண்ணி சுரூபமும் இருக்கும். மூன்று தெருப் பொருள்களும் ஒரே மேசையில் அருகருகே இருப்பதைப் பார்த்தால்தான் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த இரவில் எல்லா வீட்டுத் தாயும் ஒரே மாதிரி பதறியிருப்பாள் என்பது கண்ணில் படும்.

அழைக்கும்போதே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: புலி நகம், புலிப்பல், யானை முடி மோதிரம், நரிக்கொம்பு எதையும் கொண்டுவர வேண்டாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இவை வழக்கில் இழுத்துவிடும். 'தாத்தா காலத்துப் பொருள்' என்று சொல்லித் தப்பிக்க முடியாது. குறுந்தொகையில் புலிப்பல் தாலி அணிந்த பிள்ளை வருகிறான், அதை வாயால் சொல்லிக்கொள்ளலாம்.

அன்று மாலை முதல் அரைமணி நேரத்தைக் காட்சிக்கூடத்தில் செலவிடுங்கள். குழந்தை சம்பந்தர் செப்புத் திருமேனி இருந்தால் நேரே அதன் முன் நிறுத்தி, இடுப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே இருப்பது நம் அரைஞாண்தான். அப்படியே ஐம்படைத்தாலிக்கு வாருங்கள்: சங்கு, சக்கரம், கதை, வாள், வில் ஆகிய திருமாலின் ஐந்து படைகளையும் சிறு உருக்களாகச் செய்து குழந்தையின் கழுத்தில் பூட்டுவது. புறநானூற்றின் 77ஆம் பாட்டில் இடைக்குன்றூர் கிழார், தாலியைக்கூட இன்னும் கழற்றாத சிறுவயதில் பாண்டியன் நெடுஞ்செழியன் போருக்கு நின்றதை வியந்து பாடுகிறார். அவ்வளவு பழைய வழக்கம் இது. விரித்துப் பேசப் பேச்சாளர் வேண்டாம், இவ்வளவு போதும்.

பிறகு மேசை. வெளுத்த பருத்தி வேட்டி ஒன்றை விரித்து, ஒரு மேசை விளக்கும் பூதக்கண்ணாடியும் வையுங்கள். கண்டிப்பான விதி ஒன்று: தாயத்தை எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. முதல் முறை ஓர் இளைஞர் ஆர்வத்தில் அரக்கைக் கீறி மூடியைத் திருகிவிட்டார். உள்ளே இருந்த தகட்டைப் பார்ப்பதற்குள் அதைக் கொண்டுவந்த அம்மாள் எழுந்துவிட்டார். எவ்வளவு மன்னிப்புக் கேட்டும் அவர் அதன்பின் வாய் திறக்கவில்லை. ஒரு கதையை நாங்களே கெடுத்துக்கொண்டோம். இன்றுவரை எனக்கு அது வருத்தம்தான்.

பதிவேட்டில் 'என்ன பொருள்' என்ற கட்டத்தைச் சின்னதாகப் போடுங்கள். யார் கட்டினார், யாருக்கு, எதற்குப் பயந்து, எப்போது கழற்றினார்கள் என்ற நான்குக்கும் நிறைய இடம் விடுங்கள். லண்டனில் எட்வர்ட் லவெட் என்ற வங்கி ஊழியர் நூறாண்டுகளுக்கு முன் இப்படித்தான் தெருத்தெருவாகக் கேட்டுக் கேட்டுச் சேர்த்தார். அவர் சேர்த்த நீல மணிமாலை வெறும் கண்ணாடிதான். குழந்தைக்கு மார்ச்சளி அண்டாமல் இருக்கக் கட்டியது என்ற குறிப்பு கூடவே இருப்பதால்தான் அதற்கு மதிப்பு.

சென்ற முறை வந்த ஒரு வெள்ளித் தாயத்து விரற்கடை நீளம்கூட இல்லை. பூதக்கண்ணாடியில் பார்த்தபோது ஒரு முனை முழுக்கப் பள்ளம் பள்ளமாக இருந்தது. கொண்டுவந்த ஆச்சி, "பல்லு மொளைக்கையில மூணு புள்ளயும் கடிச்சதுய்யா" என்றார். பெரிய பள்ளத்தில் விரலை வைத்து, "இது நடுவுலவன்" என்றார். அந்த மகன் இப்போது இல்லை. இப்படிப்பட்ட நேரத்தில் அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சற்று அமைதியாக உட்காருங்கள்.

"இதெல்லாம் மூடநம்பிக்கைதானே?" என்று யாராவது கேட்பார்கள். கேட்கட்டும், ஆனால் பட்டிமன்றம் ஆக்க வேண்டாம். உடம்பு சரியில்லை என்றால் டாக்டரிடம்தான் போக வேண்டும் என்பதை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். வசம்பு வளையல் வந்தால் மட்டும் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்: கையில் கட்டுவதோடு சரி, உரைத்துக் குழந்தைக்குப் புகட்டக் கூடாது.

சிறுவர்கள் வந்திருந்தால் கைக்கு வேலை கொடுங்கள். மார்கழிக் கடைசியில் நடத்துவதில் இந்த வசதி உண்டு: வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சிறு கொத்தாகச் சேர்த்து நூலால் இறுக்கினால் வீட்டு வாசலில் செருகும் பொங்கல் காப்பு தயார்.

பொருள்களை அன்றிரவே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், ஒன்றைக்கூட வாங்கி வைக்காதீர்கள். கொடுக்கும்போது பராமரிப்பையும் சொல்லி அனுப்புங்கள். பழைய வெள்ளியை விபூதி போட்டு அழுத்தித் தேய்த்தால் எழுத்தும் பல் தடமும் மழுங்கிவிடும். ரப்பர் பேண்டு சுற்றினால் வெள்ளி கறுக்கும். மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணியில் பொதிந்து, பெயர் எழுதிய சீட்டோடு வைத்தால் போதும்.

புஜத்திலிருந்து அவிழ்த்துக் கொடுத்தவர்களுக்கு அதை ஒற்றைக் கையால் திரும்பக் கட்ட வராது. பக்கத்தில் இருப்பவரைக் கட்டிவிடச் சொல்லுங்கள். முடிச்சு இறுகியதைப் பார்த்த பிறகு பதிவேட்டில் கையெழுத்து வாங்குங்கள்.