பரீட்சைக்குப் பின் வரும் விடுமுறை

 

தமிழகத்தில் கோடை விடுமுறை என்பார்கள். நம் மலேசியாவில் கோடை என்று தனிப் பருவம் இல்லை. ஆயினும் ஐந்தாம் படிவ மாணாக்கருக்கு அதனினும் நீண்ட ஓய்வுக் காலம் ஒன்று வாய்க்கிறது. எஸ்.பி.எம். பரீட்சை முடிந்த நாள் முதல் அதன் முடிவு வெளிவரும் நாள் வரையுள்ள சில மாதங்களே அது. அம்மாதங்களை எவ்வாறு பயன்படுத்துவது என்பதே இன்றைய நமது பாடம்.

நம்மவர் வீடுகளில் நடப்பது யாவரும் அறிந்ததே. பரீட்சை முடிந்த மறுநாளே பையன் உணவுக் கடையிலோ, நாணய மாற்றுக் கடையிலோ கல்லாவில் அமர்ந்து விடுகிறான். பெண் பிள்ளை அடுப்படியோடு நின்று விடுகிறாள். தகப்பனாருக்கும் தாயாருக்கும் உதவுவது குற்றமன்று. பிள்ளைகளின் கடமையே அது. ஆனால் காலை முதல் நள்ளிரவு வரை கடையே கதியென்றிருக்கும் பிள்ளை, விண்ணப்ப நாள் வந்ததையும் அறிவதில்லை, போனதையும் அறிவதில்லை. நல்ல மதிப்பெண்களைக் கையில் வைத்துக்கொண்டு, "இனி எங்கே சேர்வது?" என்று விசாரிப்பவர்களைக் காணும்போது நமது நெஞ்சம் வேதனை கொள்கிறது.

ஆகவே பெற்றோர்களிடம் நாம் வேண்டுவது ஒன்றே. நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்தைப் பிள்ளைக்கு விட்டுக் கொடுங்கள். சுபுஹுத் தொழுகைக்குப் பின்னுள்ள நேரம் சிறந்தது. காலை வியாபாரம் மும்முரமான கடையாயின், அஸருக்குப் பின் என்று வைத்துக் கொள்ளலாம். அந்நேரத்தில் செய்ய வேண்டியவை நான்கு.

முதலாவது, வழிகளை அறிதல். ஆறாம் படிவத்தில் சேர்ந்து மூன்று தவணைகளாக எஸ்.டி.பி.எம். எழுதலாம். மெட்ரிகுலேஷனோ, பல்கலைக்கழகங்கள் நடத்தும் அசாசி வகுப்போ பெரும்பாலும் ஓராண்டில் முடியும். டிப்ளோமாவும் உண்டு. எஸ்.பி.எம். முடிவு வெளிவருமுன்னரே இவற்றுள் சிலவற்றுக்கு விண்ணப்பம் திறக்கப்படுவதுண்டு. ஆதலால் யு.பி.யு., மெட்ரிகுலேஷன் அறிவிப்புகளை வாரந்தோறும் பார்த்து, கடைசித் தேதியைச் சுவரில் எழுதி வையுங்கள். பத்து ஏ பெற்றவர்களுக்கு இனபேதமின்றி மெட்ரிகுலேஷனில் இடம் என்று அரசாங்கம் 2024ஆம் ஆண்டில் அறிவித்ததையும் நினைவிற் கொள்ளுங்கள்.

இரண்டாவது, சான்றிதழ்களைத் திரட்டுதல். அரசாங்கப் பல்கலைக்கழகத் தேர்வில் கல்வித் தகுதிக்கு 90 விழுக்காடும் புறப்பாட நடவடிக்கைகளுக்கு 10 விழுக்காடும் கணக்கிடப்படுகின்றன. போட்டி மிகுந்த துறைகளில் அந்தப் பத்தே இடத்தைத் தரும், அல்லது பறிக்கும். சாரணர் இயக்கம், விளையாட்டு, பேச்சுப் போட்டி எதுவாயினும் சான்றிதழைத் தேடியெடுத்து ஒரே கோப்பில் சேர்த்து வைக்க வேண்டும்.

மூன்றாவது, ஆங்கிலப் பயிற்சி. பட்டப்படிப்பில் சேர விரும்புவோர் பின்னர் எழுத வேண்டிய முவெட் பரீட்சை, கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் ஆகிய நான்கையும் சோதிக்கிறது. பத்திரிகைக் கட்டுரை ஒன்றை நாள்தோறும் வாசித்து, அதன் கருத்தைச் சொந்த வார்த்தைகளில் பத்து வரி எழுதி, வீட்டாரிடம் வாயாற் சொல்லிப் பழகுக. மருத்துவம், ஆசிரியர் பயிற்சி போன்ற துறைகளின் நேர்முகத் தேர்வுக்கும் இப்பழக்கம் கைகொடுக்கும்.

நான்காவது, நேரிற் சென்று பார்த்தல். கிள்ளானில் கம்யூட்டர் ரயிலேறினால் பிரிக்பீல்ட்ஸை ஒட்டிய கே.எல். சென்ட்ரலில் இறங்கலாம். அங்கிருந்து எல்.ஆர்.டி.யில் சில நிலையங்கள் கடந்தால் மலாயாப் பல்கலைக்கழகத்தின் அருகே சேரலாம். 1949ல் சிங்கப்பூரில் தோன்றிய அப்பல்கலைக்கழகம், 1962 முதல் கோலாலம்பூரில் தனித்து இயங்கி வருகிறது. பிழைப்பைத் தேடிக் கடல் கடந்து வந்த நம் பாட்டன்மாருக்கு எட்டாதிருந்த வாசல், இன்று ரயில் தூரத்தில் இருக்கிறது. ஒருமுறை பிள்ளையை அழைத்துச் சென்று காட்டுங்கள்.

உழைப்பும் படிப்பும் ஒன்றுக்கொன்று பகையல்ல. இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் அவர்கள், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சிறுவனாயிருந்தபோது பத்திரிகை விநியோகித்துக் கொண்டே பள்ளியிற் படித்தார். பிறகு சென்னையில் பொறியியற் கல்லூரியிற் சேரப் பணமின்றி நின்ற வேளையில், அவருடைய சகோதரி தம் வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். அந்த மாணவர் 2002ல் இந்தியாவின் குடியரசுத் தலைவரானார். அவ்வம்மையார் ஈந்தது நகை. நம்மிடம் கேட்கப்படுவதோ நாளுக்கு இரண்டு மணி நேரம்!

ஆரோக்கியமும் ஓய்வும் மனிதரிற் பலர் நஷ்டப்படும் அருட்கொடைகள் என்று கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். ஓய்வென்னும் அம்முதலை இழந்துவிடாமல் நம் மக்கள் கல்வியாய் மாற்றிக்கொள்ள அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.