ரீயூனியன் தீவு: வருவாயும் உற்பத்தியும்

இந்துமாக்கடலின் தென்மேற்குப் பகுதியில், மடகாஸ்கருக்குக் கிழக்கே சுமார் 700 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ள எரிமலைத் தீவு ரீயூனியன் ஆகும். அண்டைத் தீவான மொரீஷியஸ் 1968இல் விடுதலை பெற்றுத் தனி நாடாயிற்று. ரீயூனியனோ இன்றும் பிரான்சு நாட்டின் ஒரு பகுதியாகவே இருந்து வருகிறது. இதன் பரப்பு 2,512 சதுர கிலோமீட்டர். கோவா மாநிலத்தைவிடச் சிறியது. சுமார் 9 லட்சம் மக்கள் வாழ்கின்றனர். யூரோ நாணயமே இங்குச் செலாவணியில் உள்ளது. ஒரு பிரதேசம் தன் உற்பத்தியை அதே அளவுக்குப் பெருக்கிக்கொள்ளாமல் வாழ்க்கைத் தரத்தை உயர்த்திக்கொள்ள இயலுமா, இயலுமாயின் அதற்குரிய விலை என்ன என்னும் வினாக்களை ஆராய்வோருக்கு இத்தீவு ஒரு தெளிவான சான்றாகும்.

நிலமும் நீரும்

தீவின் நடுவே 3,070 மீட்டர் உயரமுள்ள பித்தோன் தெ நேழ் என்னும் சிகரம் உள்ளது. இது உறங்கும் எரிமலை. தென்கிழக்கிலுள்ள பித்தோன் தெ லா ஃபுர்னேஸ் என்பது உலகில் அடிக்கடி குமுறும் எரிமலைகளுள் ஒன்று. சிகரத்தைச் சுற்றி மஃபாத், சிலாவோஸ், சலாசி என்னும் மூன்று மாபெரும் மலைக்கிண்ணங்கள் செங்குத்தான பாறைச் சுவர்களுக்கு நடுவே அமைந்துள்ளன. தோட்டங்களிலிருந்து தப்பியோடிய அடிமைகள் அடைக்கலம் புகுந்த இடங்கள் இவை. மஃபாத்துக்கு இன்றும் சாலை இல்லை. அங்குள்ள சில நூறு பேருக்கு வேண்டிய பொருள்கள் ஹெலிகாப்டரிலோ, மனிதர் தோளிலோதான் செல்கின்றன. சிலாவோஸுக்குச் செல்லும் சாலையில் ஏறத்தாழ நானூறு வளைவுகள் உண்டு. நிலத்தின் இவ்வமைப்பினால் மக்களும் தொழிலும் கரையோரத்திலேயே நெருங்கிக் கிடக்கின்றன.

மழையளவில் இத்தீவு உலகச் சாதனைகள் பலவற்றைக் கொண்டுள்ளது. 1966 ஜனவரியில் ஃபோக்ஃபோக் என்னும் இடத்தில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் மழை பெய்தது. 1980இல் ஹயசிந்த் புயலின்போது கொமெர்சோன் பகுதியில் 15 நாள்களில் பெய்தது 6,083 மில்லிமீட்டர். ஆயினும் நீர்ப் பற்றாக்குறையும் இங்கு உண்டு. தென்கிழக்குக் காற்றை எதிர்கொள்ளும் கிழக்குச் சரிவின் சில இடங்களில் ஆண்டு மழை 10,000 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது. மலையின் மறுபுறத்திலுள்ள மேற்குக் கரையிலோ சில இடங்களில் 600 மில்லிமீட்டர்கூட இல்லை. எனவே கிழக்கின் நீரை மலையைக் குடைந்து மேற்குக்குக் கொண்டுசெல்லும் திட்டம் 1989இல் தொடங்கப்பெற்றது. சுரங்கங்கள் வெட்டும்போது வெந்நீர் ஊற்றுகளும் எதிர்பாராத நீர்ப்பெருக்கும் குறுக்கிட்டமையால், பணி முற்றுப்பெறச் சுமார் கால் நூற்றாண்டு ஆயிற்று. இதன் பயனாக மேற்கே சுமார் 7,000 ஹெக்டேர் நிலத்துக்குப் பாசன வசதி கிடைத்தது.

மக்கள்

பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் குடியேறும்வரை இத்தீவில் மனிதர் வாழ்ந்ததில்லை. ஆதலின் இன்றுள்ளோர் யாவரும் வந்தேறியவரின் வழியினரே. பூர்போன் தீவு என்று அந்நாளில் வழங்கிய இங்குக் காப்பித் தோட்டங்களுக்கும் பின்னர்க் கரும்புக்கும் ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகள் கொண்டுவரப்பட்டனர். 1841இல் வனிலாப் பூவைக் கையால் மகரந்தச் சேர்க்கை செய்யும் எளிய முறையைக் கண்டறிந்தவன் எட்மோன் அல்பியுஸ் என்னும் பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன். உலகெங்கும் வனிலா பயிரிடுவோர் இன்றும் கையாள்வது அம்முறையே. அவனோ வறுமையிலேயே மாண்டான்.

1848 டிசம்பர் 20ஆம் நாள் 60,000க்கும் மேற்பட்டோர் அடிமைத்தளையினின்று விடுவிக்கப்பட்டனர். தோட்டங்களுக்குக் கூலிகள் தேவைப்பட்டனர். 1860இல் பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் இந்தியத் தொழிலாளர் பெருமளவில் அனுப்பப்பட்டனர். புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியே சென்றவருள் தமிழர் மிகப் பலர். ஒப்பந்தம் தாளில் இருந்தது. தோட்டத்தில் நிலவியது வேறு. 1877இல் ஆங்கில-பிரெஞ்சுக் கூட்டுக் குழு அவர்கள் நிலையை விசாரித்தது. 1882இல் இந்தியாவை ஆண்ட ஆங்கில அரசு ஆள் அனுப்புவதையே நிறுத்திவிட்டது. அவர்கள் வழித்தோன்றல்கள் இன்று ‘மல்பார்’ எனப்படுகின்றனர். பேச்சுமொழி கிரியோல் ஆகிவிட்டது. எனினும் கோயில், தீமிதி, காவடி ஆகியவை நிலைத்துள்ளன. குஜராத்தி முஸ்லிம்கள், சீனர், கொமொரோ தீவினர் ஆகியோரும் உள்ளனர்.

ஆட்சி

1946 மார்ச் 19ஆம் நாள் நிறைவேறிய சட்டத்தினால் ரீயூனியன் குடியேற்ற நாடு என்னும் நிலை நீங்கி, பிரான்சின் ஒரு மாவட்டமாயிற்று. ஆளுநரின் இடத்துக்கு 1947இல் பிரிஃபெக்ட் என்னும் அதிகாரி வந்தார். அவர் மைய அரசின் பிரதிநிதி. ஆனால் அவருடன் மக்கள் தேர்ந்தெடுக்கும் இரண்டு மன்றங்களும் இயங்குகின்றன. ஒன்று மாவட்ட மன்றம், மற்றொன்று வட்டார மன்றம். இரண்டின் எல்லையும் இதே தீவுதான்! பாரிஸ் பாராளுமன்றத்துக்கு ஏழு உறுப்பினரும் மேலவைக்கு நால்வரும் செல்கின்றனர்.

இணைப்பை வேண்டியவர்கள் இடதுசாரிகளே என்பது கருதத்தக்கது. சட்டத்தை முன்னின்று கோரியவருள் ஒருவர் ரெமோன் வெர்ழெஸ். பாரிஸிலுள்ள தொழிலாளிக்குரிய உரிமை தீவின் தொழிலாளிக்கும் வேண்டும் என்பது அவர்கள் வாதம். அவர் மகன் போல் வெர்ழெஸ் 1959இல் நிறுவிய கம்யூனிஸ்டுக் கட்சியோ தன்னாட்சி கேட்டது. சமத்துவம் மெதுவாகவே வந்தது. குறைந்தபட்சக் கூலி பிரான்சின் அளவை எட்டியது 1996இல், அதாவது ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னர். 2003இல் அரசியலமைப்புத் திருத்தப்பட்டபோது, கடல் கடந்த பகுதிகள் சில துறைகளில் தாமே விதிகள் வகுக்க இடமளிக்கப்பட்டது. ரீயூனியனுக்கு அது வேண்டாம் என்று விலக்குப் பெற்றுத் தந்தவர் தமிழ் மரபினரான மேலவை உறுப்பினர் ழான் போல் விராபுல்லே. தனி விதிகள் நாளடைவில் பிரிவினைக்கு வழிகோலும் என்னும் அச்சமே காரணம்.

பொருளாதாரம்

பலன்களை முதலில் கூறுதல் நேர்மையாகும். மருத்துவமனைகளும் பள்ளிகளும் சாலைகளும் பெருகின. 1979இல் தீவு மலேரியா நீங்கிய பகுதியாக அறிவிக்கப்பட்டது. 1954இல் 2,74,000 ஆக இருந்த மக்கள் தொகை மும்மடங்குக்கு மேல் உயர்ந்தது.

வேலை மட்டும் அவ்வாறு உயரவில்லை. அரசு கண்ட வழி மக்களை வெளியேற்றுவது. 1963இல் ஏற்படுத்தப்பட்ட ஓர் அலுவலகம் ஆயிரக்கணக்கான இளைஞரைப் பிரான்சின் தொழிற்சாலைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் அனுப்பிற்று. இதே காலத்தில், 1984வரை, சுமார் 2,000 குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டுப் பிரான்சின் ஆளொழிந்த கிராமப்புறங்களில் குடியமர்த்தப்பட்டனர். பலர் பண்ணைகளில் கூலியின்றி உழைத்தனர். இதற்குத் தார்மிகப் பொறுப்பு அரசினுடையதே என்று பிரெஞ்சு தேசிய சபை 2014இல் தீர்மானித்தது. இதனை மக்கள் தொகைத் திட்டம் என்று கோப்புகளில் எழுதியிருக்கலாம். அவ்வாறு எழுதுவதால் செயலின் தன்மை மாறாது.

இன்றைய வருவாயின் ஊற்று அரசுச் சம்பளமும் சமூகநல உதவியுமே. அரசு ஊழியருக்குப் பிரான்சிலுள்ள சம்பளத்தைவிடச் சுமார் 53 சதவீதம் கூடுதலாக வழங்கப்படுகிறது. தொலைவுக்கு ஈடாகத் தோன்றிய இச்சலுகை, தீவிலேயே பிறந்து தீவிலேயே பணிபுரிவோருக்கும் உரியது. இதனால் கூடும் வாங்கும் சக்தி இறக்குமதிப் பொருளை நாடுகிறது. ஏற்றுமதி மதிப்பு இறக்குமதியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பாரிஸிலிருந்து வரும் பணம் கப்பல் சரக்குக்கு விலையாகி மீண்டும் கடல் கடந்துவிடுகிறது. இறக்குமதி மீது விதிக்கப்படும் ‘கடல் சுங்கம்’ நகராட்சிகளின் முக்கிய வருவாய். இறக்குமதி குறைந்தால் நகராட்சிகளே தள்ளாடும். 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, உணவுப் பொருள் விலை பிரான்சைவிட 37 சதவீதம் அதிகம். அரசு வேலையில்லாதவருக்கு இவ்விலை பெருஞ்சுமை. 2018 நவம்பரில் ‘மஞ்சட் சட்டை’ இயக்கம் இங்கு மூண்டபோது சாலைகள் அடைக்கப்பட்டன, ஊரடங்கும் பிறப்பிக்கப்பட்டது. மக்களுள் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் வறுமைக் கோட்டின்கீழ் உள்ளனர்.

உற்பத்தித் துறையில் நிலைத்து நிற்பது கரும்பு. சராசரி நிலவுடைமை எட்டு ஹெக்டேர் அளவே. ஒரு காலத்தில் நூற்றுக்கு மேற்பட்டிருந்த ஆலைகளுள் எஞ்சியவை புவா ரூழ், லெ கோல் ஆகிய இரண்டு. 2017இல் ஐரோப்பியச் சர்க்கரை ஒதுக்கீட்டு முறை முடிவுற்றபின், அரசு உதவியின்றி இத்தொழில் நிற்பதற்கில்லை. எனினும் புயலைத் தாங்கி நிற்கும் பயிர் கரும்பேயாதலின் உழவர் அதனைக் கைவிடத் தயங்குகின்றனர். இங்கு உருவான ஆர் 570 என்னும் கரும்பு வகை பிற நாடுகளிலும் பயிராகிறது.

கரும்புச் சக்கையைக்கொண்டு மின்சாரம் எடுப்பதில் இத்தீவு முன்னோடி. 1992இல் புவா ரூழ் ஆலையருகே அமைந்த மின் நிலையம் அரவைக் காலத்தில் சக்கையையும், எஞ்சிய மாதங்களில் நிலக்கரியையும் எரித்து வந்தது. அண்மை ஆண்டுகளில் நிலக்கரி கைவிடப்பட்டு, அதனிடத்தை மரக்கட்டைத் துகளுருண்டைகள் பிடித்துள்ளன. அவற்றில் பெரும்பகுதி கப்பலில்தான் வந்து சேர்கிறது.