முதல் சொட்டு ஏன் அடம்பிடிக்கிறது?

டைட்ரேஷன் செய்த எவரும் பார்த்திருப்பார்கள். சூடான ஆக்சாலிக் அமிலத்தில் விழும் முதல் சொட்டு பர்மாங்கனேட்டின் நிறம் போக மறுக்கும். அடுத்தடுத்த சொட்டுகள் விழுந்த மாத்திரத்தில் மறையும். வினையில் பிறக்கும் +2 மாங்கனீசு அயனி, தன்னை உண்டாக்கிய வினையையே முடுக்குவதுதான் காரணம். பெயர் தன் வினைவேக மாற்றம். ஆக்ஸ்ஃபோர்டின் ஹார்கோர்ட்டும் எஸ்ஸனும் 1866-இல் வெளியிட்ட அளவீடுகள் இந்த வினையைப் பற்றியவைதான். கலரிமீட்டர் இருந்தால் ஒரு மதியத்தில் நாமும் அளந்துவிடலாம்.

கண்ணாடியை முதலில் பாருங்கள். பழைய பழுப்புக் கறை மாங்கனீசு டை ஆக்சைடு. அது ஒட்டியிருந்தால் அமிலத்தில் கரைந்து +2 மாங்கனீசாகி, கணக்கைக் கெடுக்கும். அமிலம் கலந்த ஆக்சாலிக் அமிலமே அதைக் கழுவிவிடும்.

ஆக்சாலிக் அமிலம் 0.63 கிராமை 100 மி.லி. நீரில் கரைத்தால் 0.05 மோலார். பர்மாங்கனேட் 0.002 மோலார் வேண்டும். அத்தனை சிறிய எடையைத் தராசில் நம்பாதீர்கள், 0.316 கிராமை 100 மி.லி.யில் கரைத்து, பத்து மடங்கு நீர்த்துக்கொள்ளுங்கள். 1 மோலார் கந்தக அமிலமும் 0.01 மோலார் மாங்கனீசு சல்பேட்டும் தேவை. ஹைட்ரோகுளோரிக் அமிலம் கூடவே கூடாது. பர்மாங்கனேட் அதையும் ஆக்சிஜனேற்றிக் குளோரினைக் கிளப்பும். ஆக்சாலிக் அமிலம் நச்சு, வாயால் பிப்பெட் உறிஞ்ச வேண்டாம்.

முதல் குழாயில் ஆக்சாலிக் 5, கந்தக அமிலம் 2, நீர் 1 மி.லி. இரண்டாவதில் நீருக்குப் பதில் மாங்கனீசு சல்பேட் 1 மி.லி. கடைசியாக 2 மி.லி. பர்மாங்கனேட்டை ஒரே வீச்சில் ஊற்றுங்கள். பாதி ஊற்றியதும் கடிகாரத்தைத் தட்டி, கலக்கி, 525 நானோமீட்டரில் 15 விநாடிக்கு ஒருமுறை உட்கவர்திறனைக் குறியுங்கள்.

முதல் குழாயின் வரைபடம் மெல்லத் தொடங்கி, நடுவில் செங்குத்தாகச் சரிந்து, பிறகு தணியும். இதற்கு மடக்கை போட்டு நேர்கோடு தேடாதீர்கள், கிடைக்காது. ஆக்சாலிக் அமிலம் அறுபது மடங்குக்கு மேல் இருந்தும் வேகம் ஏறுகிறதென்றால், வினைவேகமாற்றி வழியிலேயே பெருகுகிறது என்று பொருள்.

இரண்டாவது குழாயில் தயக்கம் இல்லை. ஊதா சட்டென்று பழுப்பு மஞ்சளாகி, பிறகே வெளிறும். கண்ணால் பார்க்கிற வினைவழிமுறை இது: +2 மாங்கனீசு பர்மாங்கனேட்டோடு சேர்ந்து +3 மாங்கனீசாகிறது, அது ஆக்சலேட்டைப் பிடித்து அணைவாகிறது, அணைவு மெல்ல உடைந்து கார்பன் டை ஆக்சைடும் மீண்டும் +2 மாங்கனீசும் தருகிறது. பழுப்பு அந்த அணைவின் நிறம். கலரிமீட்டரிலும் அது சற்றுக் கலப்பதால், கடைசி அளவுகளைப் பெரிதாக நம்ப வேண்டாம். கலங்கலாகப் பழுப்பு படிந்தால் மட்டும் அமிலம் போதவில்லை என்று அறிக.

வெப்பநிலையை மாற்றிப் பார்க்க விரும்பினால், கலக்குவதற்கு முன்பே இரு கரைசல்களையும் பத்து நிமிடம் நீர்த்தொட்டியில் வைத்துவிடுங்கள்.