இரு வீட்டுக் கணனிகள் பேசாவிட்டால்: போகும் வழியும் திரும்பும் வழியும்

காணி உறுதி, அனுமதிப்பத்திரம், பிறப்புச் சான்றிதழ் என்பவற்றை இடப்பெயர்வில் இழந்து, பிரதிக்காக அலுவலகம் அலுவலகமாக அலைந்த துன்பம் உங்களிற் பலருக்குத் தெரியும். கையிலுள்ள பத்திரங்களைக் கணனியில் படமாக்கி வைப்பது நல்லது. அந்தப் படங்களை ஒரு வீட்டில் மட்டும் வைக்காமல், உறவினர் வீட்டுக் கணனியிலும் ஒரு பிரதி வைப்பது அதைவிட நல்லது. அயலிலுள்ள இரு வீடுகளை வயரால் இணைத்தால் இதைத் தினமும் செய்யலாம். இணையத்துக்கெனக் காசு செலவாகாது. சாதாரண வலையமைப்பு வயரின் நீளம் 100 மீற்றருக்குள் இருக்க வேண்டும்.

வயர் போட்ட பின்பும் ஒரு கணனி மற்றதைக் காணாதிருப்பதுண்டு. அப்போது பழுதைப் படிப்படியாகக் கண்டுபிடிக்கும் முறையை இப்பாடத்தில் பார்ப்போம்.

விலாசம்

ஒவ்வொரு கணனிக்கும் 192.168.1.10 என்பது போல நான்கு எண்கள் கொண்ட விலாசம் உண்டு. அதனுடன் 255.255.255.0 என்ற மறைப்பு எண் இருந்தால், முதல் மூன்று எண்களும் ஊரைக் குறிக்கும். கடைசி எண் வீட்டிலக்கம். 192.168 எனத் தொடங்கும் விலாசங்கள், 1996இல் வெளிவந்த ஆர்.எப்.சி. 1918 என்ற ஆவணத்தின்படி, உள்வீட்டுப் பாவனைக்கு ஒதுக்கப்பட்டவை. வெளி இணையத்தில் அவை செல்லுபடியாகா.

தன் ஊர் விலாசத்துக்குக் கணனி நேரே அனுப்பும். வேறு ஊரென்றால் தன் படலையாகிய ரவுட்டரிடம் கொடுக்கும். ரவுட்டருக்கும் அந்த ஊர் தெரியாவிட்டால், அது இணையப் பக்கம் தள்ளிவிடும். அங்கே அது தொலைந்துவிடும்.

உதாரணம்

அக்கா வீட்டு ரவுட்டர் 192.168.1.1, கணனி 192.168.1.10. தம்பி வீட்டு ரவுட்டர் 192.168.2.1, கணனி 192.168.2.10. இரண்டையும் மூன்றாவது சிறு ரவுட்டர் ஒன்று இணைக்கிறது. அதன் ஒரு கால் அக்கா வீட்டில் 192.168.1.2, மறு கால் தம்பி வீட்டில் 192.168.2.2.

இரு பக்கத்துக்கும் வழி எழுதிக் கொடுக்க வேண்டும். அக்கா வீட்டு ரவுட்டரில்: "192.168.2.0 செல்ல 192.168.1.2இடம் கொடு." தம்பி வீட்டு ரவுட்டரில்: "192.168.1.0 செல்ல 192.168.2.2இடம் கொடு." பலர் முதலாவதை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். கடிதம் போய்ச் சேர்ந்துவிடும், ஆனால் பதில் திரும்பி வராது. பார்ப்பவருக்கோ கடிதமே போகவில்லை என்றுதான் தோன்றும்.

சோதிக்கும் முறை

1983இல் எழுதப்பட்ட "பிங்" என்ற சிறு கட்டளை இதற்குப் போதும். அது ஒரு விலாசத்தைக் கூப்பிட்டு, பதில் வருகிறதா என்று சொல்லும். அக்கா வீட்டுக் கணனியிலிருந்து, கிட்டவுள்ளதில் தொடங்கி ஒவ்வொன்றாகக் கூப்பிடுங்கள்.

1. 192.168.1.1. பதில் இல்லையெனில் பழுது உங்கள் வீட்டுக்குள்ளேதான். உங்கள் கணனியின் விலாசம் 169.254 எனத் தொடங்கினால், ரவுட்டரிடமிருந்து அதற்கு விலாசம் கிடைக்கவில்லை.

2. 192.168.1.2. பதில் இல்லையெனில் நடு ரவுட்டரின் வயரையும் விலாசத்தையும் பாருங்கள்.

3. 192.168.2.2. பதில் இல்லையெனில் அக்கா வீட்டு ரவுட்டரில் எழுதிய வழி பிழை.

4. 192.168.2.1. இங்கே நின்றால், தம்பி வீட்டுக்குச் சென்று 192.168.1.2ஐக் கூப்பிடுங்கள். பதில் வராவிட்டால் தம்பி வீட்டு ரவுட்டரில் திரும்பும் வழி இல்லை. வந்தால், நடு ரவுட்டர் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குக் கடத்தவில்லை.

5. 192.168.2.10. இது மட்டும் பேசாவிட்டால், அக்கணனியின் தீச்சுவர் வேற்றூர் அழைப்பைத் தடுக்கலாம். விண்டோஸில் இது வழமை. அல்லது கையால் விலாசம் கொடுத்தபோது படலை விலாசத்தைக் கொடுக்காமல் விட்டிருக்கலாம். அச்சுப்பொறிகளில் இக்குறை அடிக்கடி காணப்படும்.

வேறு மூன்று பழுதுகள்

ஒரே ஊர்ப்பெயர்: பல ரவுட்டர்கள் 192.168.1.1 என்ற விலாசத்துடனேயே கடைக்கு வருகின்றன. இரு வீட்டிலும் அதுவே இருந்தால், கணனி மற்ற வீட்டைத் தன் வீட்டுக்குள்ளேயே தேடும். ஒன்றை மாற்றியே ஆக வேண்டும்.

ஒருவழிப் பேச்சு: அக்கா வீட்டிலிருந்து போகிறது, தம்பி வீட்டிலிருந்து வருவதில்லை என்றால், நடு ரவுட்டரில் விலாசம் மாற்றும் "நாட்" வேலை செய்துகொண்டிருக்கலாம். அதை நிறுத்துங்கள்.

பிங் போகிறது, கோப்பு போகவில்லை: பதில் நடு ரவுட்டரிலிருந்து நேரே கணனிக்கு வந்துவிடுவதால், வீட்டு ரவுட்டர் பேச்சில் பாதியை மட்டுமே காண்கிறது. சந்தேகப்பட்டு மறிக்கும் ரவுட்டர்கள் உண்டு. அப்போது மற்ற ஊருக்கான வழியை இரு கணனிகளிலுமே நேரடியாக எழுதிவிடுங்கள்.

செய்து பார்க்க

1. இரு வீடுகளையும் ஒரு தாளில் வரைந்து, ஒவ்வொரு விலாசத்தையும் எழுதுங்கள்.

2. அக்கா வீட்டிலிருந்து போகும் வழியை ஒரு நிறத்திலும், திரும்பும் வழியை வேறு நிறத்திலும் கீறுங்கள். எந்தக் கோடு அறுந்திருக்கிறது?

3. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, மீண்டும் கூப்பிட்டுப் பாருங்கள். மாற்றியதை அதே தாளில் குறியுங்கள். அத்தாளின் ஒரு பிரதி மற்ற வீட்டிலும் இருக்கட்டும்.